‘பூசவும்’ என்ற ஒரு சொல் போதாது

ஆலையடிவேம்பிலோ அக்கரைப்பற்றிலோ பாமசியில் மாத்திரை வாங்கினால், கடதாசி உறையில் ‘காலை 1, இரவு 1’ என்று பேனையால் எழுதித் தருவார்கள். கரப்பனுக்கான ஸ்டீரொய்ட் கிரீம் ரியூபிலோ பல நேரம் ‘பூசவும்’ என்பதோடு எழுத்து நின்றுவிடுகிறது. எங்கே, எவ்வளவு, எத்தனை நாள் என்ற மூன்றும் அதில் இல்லை. இந்த மருந்தின் நன்மையும் கேடும் அந்த மூன்றிலும்தான் அடங்கியிருக்கின்றன. ஆகவே வீரியமான கிரீம்களை மருந்துத் துண்டு இல்லாமல் விற்கக் கூடாது. துண்டோடு கொடுக்கும்போதும் அந்த மூன்றையும் தமிழில் எழுதாமல் கொடுக்கக் கூடாது.

பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு சின்ன ரியூபுகள். ஒன்றில் ஐட்ரோகோட்டிசோன், மற்றதில் குளோபெட்டசோல். இரண்டாவது முதலாவதைவிடச் சுமார் 600 மடங்கு வீரியமுள்ளது. பூசும் இடமும் கணக்கை மாற்றிவிடும்: முன்கைத் தோல் உறிஞ்சுவதைப் போல 6 மடங்கை நெற்றித் தோல் உறிஞ்சும். காலுக்குக் கொடுத்ததை முகம் வெளுக்கட்டும் என்று மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், இரத்த நாளங்கள் சிவந்து தெரியும், பருக்கள் கிளம்பும். கண்ணிமையில் நெடுநாள் பூசினால் கண்ணழுத்தம் கூடவும் இடமுண்டு. படர்தாமரையைக் கரப்பன் என்று நினைத்துப் பூசுவது இன்னொரு விபரீதம்: சொறி அடங்கும், சிவப்பு மங்கும், பங்கஸ் மட்டும் உள்ளே சத்தமில்லாமல் பரவும். இப்படி வேடம் மாறும் படையைப் பற்றித் தோல் மருத்துவர்கள் 1968இலேயே எழுதிவிட்டார்கள். இந்தியாவில் இந்தத் துஷ்பிரயோகம் பெருகியதால்தான் 2018இல் 14 ஸ்டீரொய்ட் பூச்சுகளை மருந்துத் துண்டுக்கு மட்டுமே விற்கும் பட்டியலில் அரசு சேர்த்தது.

‘ஸ்டீரொய்ட் என்றாலே விஷம், தொடாமல் இருப்பதே மேல்’ என்பார் உண்டு. அந்தப் பயமும் பிள்ளைகளைத்தான் வதைக்கிறது. 1952 முதல் தோலுக்குப் பயன்பட்டுவரும் மருந்து இது. பயத்தில் பூசாமல் விட்டால் பிள்ளை இரவெல்லாம் சொறியும், தூக்கம் கெடும், நகம் கீறிய இடத்தில் கிருமி தொற்றிச் சீழ் கட்டும். பயத்துக்குப் பதில் அளவு. சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய கிரீம் ஏறக்குறைய அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். சொன்ன நாளுக்குள் அடங்காவிட்டால் அடுத்த ரியூப் வாங்குவதல்ல, வைத்தியரிடம் திரும்பிப் போவதே வழி. பல மாதம் விடாமல் பூசி நிறுத்தியபின் தோல் நெருப்பாய் எரிவதைப் பற்றிப் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2021இல் எச்சரித்தது.

கூலிக்குப் போகிறவர் ஒரு ரியூபுக்காக ஒருநாள் சம்பளத்தை விட்டு கிளினிக் வரிசையில் நிற்பதா என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசம். அன்றைய கூலியை யாரும் தரமாட்டார்கள். ஆனால் துண்டில்லாமல் விற்பது இதற்குப் பரிகாரமல்ல. கரப்பன் போய்ப் போய் வரும் நோய் என்பது வைத்தியருக்குத் தெரியும். மறுபடி கிளம்பினால் என்ன செய்வதென்று முதல் நாளே கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்தால் பாதி அலைச்சல் குறையும். மிச்சத்தைப் பாமசிக்காரரின் பேனை செய்யலாம்: ‘முழங்கை மடிப்பில் மட்டும். இரவில் ஒரு விரல்நுனி அளவு. 7 நாள். முகத்தில் வேண்டாம்.’