சில்லறையைத் திருப்பிப் பார்த்தேன்... பல்கேரியா தெரிந்தது!

சோஃபியாவில் முதல் நாள் காலை. பஸ் கிளம்புவதற்கு முன் தெருமுனைக் கடையில் ஒரு 'பனித்சா' வாங்கினேன். மெல்லிய மாவு அடுக்குகளுக்குள் முட்டையும் வெள்ளைச் சீஸும் வைத்து அடுப்பில் வாட்டி எடுப்பது. "சூடா இருக்கா?" என்று கேட்டால் கடைக்கார அம்மா இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினார். 'இல்லையாம்' என்று நான் திரும்பிவிட்டேன். பல்கேரியாவில் அப்படி ஆட்டினால் 'ஆமாம்' என்று அர்த்தமாம். மேலும் கீழுமாக ஆட்டினால்தான் 'இல்லை'. நான்கு நாளும் இந்தக் குழப்பம் எனக்குத் தீரவே இல்லை!

5 யூரோ நோட்டுக்கு மீதியாக மூன்று காசுகள் வந்தன. ஒரு 2 யூரோ, ஒரு 1 யூரோ, ஒரு 20 சென்ட். எங்கள் குழுவின் வழிகாட்டி எட்டிப் பார்த்தார். அறுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற வரலாற்று டீச்சர். "இந்த மூணையும் செலவு பண்ணிடாதீங்க. நாம போகப்போற ஊரெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு" என்றார்.

கொஞ்சம் பின்கதை. 2026 ஜனவரி 1-ம் தேதியிலிருந்து பல்கேரியாவின் பணம் யூரோ. அதுவரை 140 ஆண்டுகளுக்கும் மேலாகப் புழங்கியது 'லெவ்'. பழைய பல்கேரிய மொழியில் சிங்கம் என்று பொருள். விலைவாசி ஏறிவிடும், நாட்டின் அடையாளம் போய்விடும் என்று நிறைய பேர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஆனால், யூரோ காசில் ஒரு பக்கம் அந்தந்த நாட்டுக்குச் சொந்தம். என்ன படம் போடுவது என்று அவர்களே முடிவு செய்யலாம். சொந்தப் பணத்தை விட்டுக்கொடுத்த ஒரு சின்ன நாடு, அந்தக் குட்டி வட்டத்துக்குள் யாரை உட்கார வைத்தது தெரியுமா? இரண்டு துறவிகளையும், பாறையில் செதுக்கிய ஒரு குதிரை வீரனையும்!

1 யூரோ காசில் இருப்பவர் இவான் ரில்ஸ்கி. 10-ம் நூற்றாண்டில் மலைக் குகையில் தனியாக வாழ்ந்தவர். அவருடைய சீடர்கள் தொடங்கியதுதான் ரிலா மடாலயம். சோஃபியாவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமான பயணம். வெளியே பார்த்தால் கோட்டை மாதிரி முரட்டுக் கல்சுவர். வாசலைத் தாண்டி உள்ளே போனால் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட வளைவுகள், நடுவில் தேவாலயம், பின்னால் பைன் மரக்காடு. வெளி நடையில் சுவர் முழுக்க ஓவியங்கள். நோய் தீர மந்திரக்காரக் கிழவியைத் தேடி வருகிறவர்களைச் சுற்றிப் பேய்கள் கும்மாளமிடும் படத்தின் முன்னால்தான் கூட்டம் அதிகம்.

1833-ல் இந்த மடாலயம் தீயில் எரிந்துபோனது. அப்போது நாடு ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது. எல்லா ஊர்களிலிருந்தும் பல்கேரியர்கள் பணம் அனுப்பி மறுபடி எழுப்பினார்கள். இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி அப்படிக் கட்டியது. அருங்காட்சியகத்தில் ஒரு மரச் சிலுவை இருக்கிறது. ரஃபாயில் என்ற துறவி 12 ஆண்டுகள் செதுக்கி 1802-ல் முடித்தது. அதில் 600-க்கும் மேற்பட்ட உருவங்கள். பல, அரிசி மணி அளவுதான். முடித்தபோது அவருக்குக் கண்பார்வை போய்விட்டதாம். மொபைல் கேமராவில் ஜூம் செய்துதான் முகங்களையே பார்த்தேன்.

அடுத்த நாள் ப்ளோவ்டிவ். ரோமானியர் கட்டிய கல் அரங்கில் உட்கார்ந்து ஐஸ்க்ரீம் சாப்பிட்டோம். மறுநாள் கசன்லக்கில் ரோஜா அறுவடை. விடியற்காலையிலேயே பூப்பறிக்க வந்துவிடுகிறார்கள். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் பூ வேண்டும். இரண்டுமே அழகுதான், ஆனால் என் மனசு 2 யூரோ காசிலேயே இருந்தது.

அதில் இருப்பவர் பைசி. பல்கேரியரின் வரலாற்றை 1762-ல் எழுதி முடித்த துறவி. எழுதியது கிரேக்கத்தில், ஆதோஸ் மலை மடாலயங்களில். தன்னைப் பல்கேரியன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கப்பட்டு, அடுத்தவர் மொழிக்கும் பழக்கத்துக்கும் மாறிப்போகிறவர்களைப் பார்த்துக் கோபமாக எழுதிய புத்தகம் அது. அச்சுக்கூடம் இல்லை. கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கசன்லக்கிலிருந்து மலையேறி நாங்கள் போய் நின்ற கோதெல் என்ற மரவீடுகளின் ஊரில், 1765-ல் ஸ்தோய்கோ என்ற பாதிரியார் அதை முழுக்கத் தன் கையால் பிரதி எடுத்தார். அவரே பின்னாளில் சோஃப்ரோனி என்ற பெயரில் பிஷப் ஆனார். அப்படியே பிரதிக்குப் பிரதியாகப் பரவிய புத்தகம் முதன்முதலில் அச்சானது 1844-ல்தான்.

கோதெலில் டீ குடிக்கும்போது வழிகாட்டி தன் மொபைலைக் காட்டினார். மகளும் பேத்தியும் ஜெர்மனியில். பேத்தி பல்கேரிய மொழியில் நன்றாகப் பேசுவாள், ஆனால் மெசேஜ் அனுப்புவது லத்தீன் எழுத்தில். 'ச்'சுக்கு 4, 'ஷ்'சுக்கு 6 என்று எண்களை வேறு நடுவில் போடுவாளாம்! "கக் சி, பாபோ?" என்று வந்திருந்தது. 'எப்படி இருக்கே, பாட்டி?' அதைப் படித்து நான் சிரிக்கவில்லை. என் அம்மாவுக்கு 'சாப்டியா' என்று ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பி அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது.

1980-களின் இறுதியில் இந்த நாட்டின் மக்கள்தொகை 90 லட்சத்தை நெருங்கியிருந்தது. 2021 கணக்கெடுப்பில் சுமார் 65 லட்சம். பிறப்பு குறைந்தது ஒரு காரணம், வெளியேறியது இன்னொன்று. மலைச் சாலையில் பூட்டிய வீடுகளைப் பார்த்தபோது இந்த எண் புரிந்தது.

கடைசி நாள், மே 24. மதரா. 100 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையில், தரையிலிருந்து 23 மீட்டர் மேலே அந்தக் குதிரை வீரன். சென்ட் காசுகளில் எல்லாம் இவன்தான். படியேறி நின்று பார்த்தால் முதலில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. 1,300 ஆண்டு மழையும் பனியும் அரித்திருக்கின்றன. 20 சென்ட்டை உயர்த்திப் பிடித்து, படத்தோடு ஒப்பிட்டுத்தான் குதிரையின் கால், அடியில் விழுந்து கிடக்கும் சிங்கம், பின்னால் ஓடும் நாய் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். பாறையைவிடக் காசில் தெளிவாக இருக்கிறது!

சுற்றிலும் கல்வெட்டு. மூக்கறுபட்ட பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனோடு இவர்கள் அரசன் நடத்திய கொடுக்கல் வாங்கல் எல்லாம் அதில் இருக்கிறது. எழுதியிருப்பது கிரேக்கத்தில். அப்போது இவர்களுக்குச் சொந்த எழுத்து கிடையாது. சுமார் இரு நூற்றாண்டுகளுக்குள், பக்கத்திலேயே இருக்கும் ப்ரெஸ்லாவ் நகரத்தில் சிரிலிக் எழுத்து வளர்ந்தது. இன்று ரஷ்யா, செர்பியா, மங்கோலியா வரை அதில் எழுதுகிறார்கள்.

மே 24 அந்த எழுத்துக்கான விடுமுறை நாள். ஷுமென் நகருக்குத் திரும்பியபோது, பள்ளிப் பிள்ளைகள் சிரில், மெத்தோடியஸ் படங்களைப் பூமாலையோடு தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். வழிகாட்டி ஓரமாக நின்று பேத்திக்கு நீளமாக ஒரு வாழ்த்து அடித்தார், சிரிலிக்கில். பைசி காசின் விளிம்பைப் போட்டோ எடுத்து அதையும் அனுப்பினார். 'கடவுளே, பல்கேரியாவைக் காப்பாற்று' என்று அதில் சிரிலிக்கில் பொறித்திருக்கிறது.

(போக நினைப்பவர்களுக்கு: பல்கேரியா இப்போது முழுமையாக ஷெங்கன் பகுதிக்குள் வந்துவிட்டது. ஷெங்கன் விசா இருந்தால் போதும். ரோஜா பார்க்க மே கடைசி, ஜூன் தொடக்கம்தான் சரியான நேரம்.)

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. லத்தீன் எழுத்தில்தான். என்ன என்று கேட்டேன். "'படிக்க நேரமாகுது பாட்டி, வாய்ஸ் மெசேஜா அனுப்பு'ங்கறா" என்றார். மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, மைக்கை அழுத்தி, தான் அடித்ததைத் தானே வாசிக்க ஆரம்பித்தார். ஊர்வல பேண்டு சத்தத்தில் கேட்காதே என்று பக்கத்துச் சந்துக்குள் நகர்ந்து போனார்.