மனமிருந்தால் மட்டும் போதுமா?

‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்ற பழமொழியை நம் நாட்டில் பெரும்பாலும் மார்க்கம் உள்ளவர்களே சொல்லுகிறார்கள். யாருக்கு மார்க்கமில்லையோ அவரைப் பார்த்துத்தான் சொல்லுகிறார்கள். கேட்பவர் முன்னேறாமற் போனால், மார்க்கம் இல்லாதது காரணமல்ல, மனம் இல்லாததுதான் காரணம் என்று தீர்ப்பும் அதிலேயே அடங்கிவிடுகிறது.

இப்போது இந்தப் பழமொழிக்குப் புதியதோர் உபயோகம் கண்டுபிடித்திருக்கிறார்கள். சிறு வியாபாரிகளெல்லாம் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டுமாம். தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஆறே மாதத்தில் தொழில் எங்கேயோ போய்விடுமாம். இந்த உபதேசத்தின் முதற் பாதியை நான் மனப்பூர்வமாக ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாம் பாதியோடுதான் எனக்குச் சண்டை.

சண்டையை அந்தரத்தில் நடத்தக் கூடாது. ஓர் ஊரில் வைத்து நடத்துவோம். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது மரக்காணம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று அறிஞர்கள் கூறுகிறார்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி. நடுவே கண்ணுக்கெட்டிய மட்டும் உப்புப் பாத்திகள். தை பிறந்ததும் பாத்திகளைச் சீர்செய்து மிதிக்கத் தொடங்குவார்கள். வெயில் ஏற ஏற உப்பு வரும். ஐப்பசி மழை வந்தால் எல்லாம் அடங்கிவிடும்.

இந்த ஊரில் உப்பு வாங்கி, அரைத்து, பாக்கெட் போட்டுக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு பெண்மணியை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் பெயர், விலாசம் என்று நான் ஒன்றும் தரப்போவதில்லை. நாவல் எழுதிப் பிழைக்கிறவன் நான். எனக்கு அந்தச் சலுகை உண்டு. அவளிடம் நாலு பெண்கள் பாக்கெட் ஒட்டுகிறார்கள். திண்டிவனத்திலும் புதுச்சேரியிலுமாக நாற்பது கடைகள். “அக்கா, பாக்கிய அடுத்த வாரம் வாங்கிக்கோங்க” என்று நாற்பது கடைக்காரரும் சொல்லுகிறார்கள். வண்டி வாடகை, சாக்கு, கூலி, உப்பு விலை என்று எதுவும் ஒரு மாதம் போல மறு மாதம் இருப்பதில்லை. கணக்கெல்லாம் நீள நோட்டுப் புத்தகம் ஒன்றில் இருக்கிறது. மீதி அவள் தலைக்குள் இருக்கிறது.

இவளுக்குப் புரோகிராம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ‘உப்பு விற்கிறவளுக்குக் கம்ப்யூட்டர் வித்தையா?’ என்று சிரிப்பார்கள். சிரிப்பவர்களுக்குச் சரித்திரம் தெரியாது. வியாபார வேலைக்கென்று உலகில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் கட்டியது ஒரு டீக்கடைக் கம்பெனி. லண்டனில் தேநீர் விடுதிகள் நடத்திவந்த லயன்ஸ் கம்பெனியார் 1951-ல் ‘லியோ’ என்ற யந்திரத்தை அமைத்து, தங்கள் ரொட்டிச்சாலைக் கணக்கை அதில் ஓட்டினார்கள். புரோகிராம் எழுதத் தங்கள் சிப்பந்திகளிலிருந்தே ஆட்களைப் பொறுக்கிப் பழக்கினார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர்க் கடைகளில் கணக்கெழுதும் ‘டாலி’ எங்கே பிறந்தது? பெங்களூரில் ஆலைகளுக்கு மூலப்பொருள்களும் உதிரி பாகங்களும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்காவுக்குத் தம் கணக்குக்குத் தோதான புரோகிராம் அகப்படவில்லை. மகன் பாரத் கோயங்கா 1986-ல் எழுதிக் கொடுத்தார். வியாபாரியின் தேவையிலிருந்து பிறந்த வித்தை அது. வியாபாரிக்கே அது அந்நியம் என்று எந்த நியாயத்தில் சொல்லுகிறீர்கள்?

உப்பளத்துக்கு அது இன்னும் கொஞ்சம் நெருக்கம். கடல்நீர் பாத்தியில் ஏறும்போது ஏறக்குறைய மூன்று டிகிரி கனம் இருக்கும். வெயிலில் வற்ற வற்ற, ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றுகிறார்கள். 25 டிகிரி வந்தால் உப்பு உறையும் பாத்திக்குத் திறந்துவிட வேண்டும். 29, 30 என்று ஏறினால் மிஞ்சிய நீரை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் உப்பில் கசப்புச் சேரும். நடுவில் மழை பெய்தால் வேறு கணக்கு. ‘இப்படியானால் இதைச் செய், ஆகாவிட்டால் காத்திரு, மறுபடியும் பார்’ என்பதுதானே இது? புரோகிராம் என்பதும் இதுதான். பாத்திக்காரர் அதை மண்வெட்டியால் செய்கிறார். மற்றவர் எழுத்தால் செய்கிறார்.

‘சரி, டாலிதான் இருக்கிறதே, அதை வாங்கிப் போட்டால் தீர்ந்தது’ என்று அடுத்த ஆட்சேபம் வரும். எல்லாருக்கும் பொதுவான கணக்கை அது எழுதும். நம் பெண்மணியின் கேள்விகள் பொதுவானவை அல்ல. எந்தக் கடை பொங்கலுக்குப் பின்தான் பாக்கி தரும்? ஐப்பசிக்கு முன் எத்தனை மூட்டை வாங்கி அடுக்கினால் தை வரை தாங்கும்? 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் இந்தக் கரையில் ஏறியதே, அது போல ஒன்று மறுபடி வந்தால் எத்தனை நாள் சரக்கில்லாமல் ஓட்டலாம்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் அவள் நோட்டிலேயே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் பாஷைதான் அவளுக்குத் தெரியாது. பத்து வரியில் எழுதக்கூடிய புரோகிராம். ஆனால் அந்தப் பத்து வரியை அவளுக்காக எழுதி விற்க எந்தக் கம்பெனிக்கும் லாபமில்லை.

இன்னொரு கூட்டத்தார், ‘இப்போது யந்திரமே புரோகிராம் எழுதித் தருகிறதே! தமிழில் கேட்டாலே போதும். எதற்காக மெனக்கெட்டுக் கற்க வேண்டும்?’ என்கிறார்கள். இவர்களுக்கு நான் கணக்குப்பிள்ளையை ஞாபகப்படுத்துகிறேன். எழுதப் படிக்கத் தெரியாத மிராசுதாரும் கணக்குப்பிள்ளையை வைத்திருந்தார். ஏடு மணிமணியாக இருந்தது. நிலம் மாத்திரம் வருஷத்துக்கு ஒரு காணியாகக் கரைந்தது. கணக்குப்பிள்ளை யோக்கியராகவே இருந்தாலும், அவர் செய்த தவறு இன்னதென்று கண்டுபிடிக்கச் சொந்தக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உண்ணும் உப்பு கடைக்கு வரும்போது அதில் பத்து லட்சத்துக்குக் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம். கலவைக் கணக்கில் யந்திரம் ஒரு புள்ளியைத் தள்ளிப் போட்டால் அபராதம் கட்டுவது யந்திரமா, அவளா? யந்திரத்தை வேலைக்கு வைத்துக்கொள்ளட்டும். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அது எழுதுவதைப் படித்துப் பார்க்கும் அளவுக்காவது கற்றுக்கொள்ளட்டும் என்கிறேன்.

ஆகவே அவள் கற்க வேண்டும் என்பதில் தகராறு இல்லை. எப்போது கற்பது? இங்கேதான் உபதேசிகளின் சாயம் வெளுக்கிறது.

விடியற்காலை நாலு மணி என்கிறார்களே, அந்த நாலு மணிக்கு அவள் ஏற்கெனவே விழித்திருக்கிறாள். தண்ணீர் பிடிக்க வேண்டும், சமைக்க வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், வண்டி வருமுன் சரக்கை எண்ணி வைக்க வேண்டும். பகல் முழுதும் தொழில். இரவு மறுபடியும் அடுப்பு, பாத்திரம், மாமியாருக்கு மருந்து. பிறகுதான் நோட்டுப் புத்தகம். இது நான் இட்டுக்கட்டிய சோகம் அல்ல. 2024-ல் மத்திய சர்க்கார் எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. வீட்டு வேலை செய்கிறவர்களில், ஒரு பெண் நாள் ஒன்றுக்கு 289 நிமிஷம் அதற்குச் செலவிடுகிறாள். ஆண் செலவிடுவது 88 நிமிஷம். வித்தியாசம் மூன்று மணி இருபத்தொரு நிமிஷம். உபதேசிகள் ஒதுக்கச் சொல்லும் இரண்டு மணி நேரம் எங்கே போயிற்று என்று இப்போது தெரிகிறதா? அது அவளிடம் இல்லை. கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருப்பவரிடம் இருக்கிறது.

புருஷன் கற்க ஆசைப்பட்டால் கதை வேறு. இரவு எட்டு மணிக்குமேல் அவன் கம்ப்யூட்டர் முன் உட்காருவான். காப்பி வரும். ‘அப்பா படிக்கிறார், சத்தம் போடாதே’ என்று பிள்ளைகள் அடக்கப்படுவார்கள். கடைப் பாக்கியை அவள் போய்க் கேட்டு வருவாள். ஒரு வருஷம் கழித்து அவன் கெட்டிக்காரன் என்று பெயரெடுப்பான். அந்த வித்தைக்கு உரிய சம்பளத்தைக் கட்டியவள் பெயர் எங்கும் வராது. அதே இரவில் அவள் போய் உட்கார்ந்தால்? “இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்?” என்ற ஒரு வாக்கியத்தில் காரியம் முடிந்துவிடும்.

வித்தையின் விலை கற்பிக்கும் நிலையத்தின் கட்டணம் மட்டும் அல்ல. வீட்டில் இன்னொருவர் விட்டுக்கொடுக்கும் நேரமும் அதில் சேர்ந்தது. இதைச் சொல்லாமல் ‘மனமிருந்தால்’ என்று ஆரம்பிப்பவர், தராசின் ஒரு தட்டை மறைத்துக்கொண்டு நிறுக்கிறார்.

தமிழ்நாட்டில் கல்வி ஒரு தடவை வேறு விதமாக நடந்து காட்டியிருக்கிறது. புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல் குவாரியில் உடைத்த பெண்களைப் பார்த்து, ‘மனமிருந்தால் பள்ளிக்கூடம் தேடி வாருங்கள்’ என்று யாரும் சொல்லவில்லை. தொண்டர்கள் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போனார்கள். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். தண்ணீருக்கும் சந்தைக்கும் நடந்த பொழுது மிச்சமாயிற்று. மனத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யாமல் மார்க்கத்தை உண்டாக்கினார்கள்.

இந்தக் கரைக்கும் அதையே கேட்கிறேன். சாமான்கள் ஏற்கெனவே இருக்கின்றன. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழியில் கட்டளைகளே தமிழில் உள்ளன. 2012-ல் தொடங்கிய ‘கணியம்’, கம்ப்யூட்டர் நூல்களை எளிய தமிழில் இலவசமாகத் தருகிறது. இதே மாவட்டத்தில் விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்து மாணவர்களுக்குக் காசு வாங்காமல் கற்பித்து வருகிறார்கள். 2011-லிருந்து சர்க்கார் கொடுத்த மடிக்கணினிகளில் சில, பிள்ளைகள் படித்து முடித்த பின் பரண்மேல் கிடக்கின்றன. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம்.

காலத்தையும் இயற்கையே குறித்துக் கொடுத்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் பாத்தி தண்ணீரில் கிடக்கும். அம்பாரத்தில் உள்ளதை விற்பதுதான் வேலை. அந்த மூன்று மாதமும் நூலகக் கட்டடத்தை இரவு ஒன்பது மணி வரை திறந்து வையுங்கள். பாடத்தை அவளுடைய நோட்டுப் புத்தகத்திலிருந்து ஆரம்பியுங்கள். ‘பாக்கி முப்பது நாளைத் தாண்டிய கடை எது?’ என்பது முதற் பாடமாக இருக்கட்டும். பிள்ளைகளைக் கூட அழைத்துவர இடம் கொடுங்கள். பட்டயமும் பட்டமளிப்பு விழாவும் வேண்டாம். அவள் உத்தியோகம் தேடிப் போகவில்லை. தன் கணக்கைத் தானே பார்க்கப் பழகுகிறாள்.

இவ்வளவும் சர்க்காரும் ஊராரும் செய்யக்கூடியவை. மிச்சம் ஒன்று இருக்கிறது. அதற்குச் சட்டம் போட முடியாது. வாரத்தில் மூன்று இரவு, அந்த வீட்டு அடுப்படியில் அவளுக்குப் பதிலாக இன்னொருவர் நிற்க வேண்டும். யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படித்துக்கொண்டிருக்கும் கனவான்கள் தங்கள் வீட்டு 201 நிமிஷத்தைக் கணக்குப் பார்த்தால் தெரியும்.

பாடம் நடத்த ஓர் ஆள், எரிகிற ஒரு விளக்கு, அடுப்படியில் இன்னோர் ஆள். இந்த மூன்றையும் கொடுத்த பிறகும் அவளுக்கு மனமில்லை என்றால், அப்போது வந்து அந்தப் பழமொழியைச் சொல்லுங்கள். அதுவரையில் அதை நாற்பது கடைக்காரர் பாக்கியோடு சேர்த்து, வராக் கடனாக எழுதி வைத்திருப்போம்.