கேடயங்கள் போதும், கட்டணத்திற்கு வழி சொல்லுங்கள்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நம் மஹல்லாக்களில் பாராட்டு விழாக்களின் பருவம் தொடங்கிவிடுகிறது. மேடை போடப்படுகிறது, பதாகை தொங்குகிறது, முதல் மூன்று மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்குக் கேடயமும் சால்வையும் வழங்கப்படுகின்றன. சிறப்புரை ஆற்ற வருபவர் தவறாமல் டாக்டர் அப்துல் கலாமின் பெயரைச் சொல்கிறார். பிரியாணியுடன் விழா நிறைவடைகிறது. மறுநாள் அந்தப் பிள்ளையின் தந்தை கல்லூரிக் கட்டணத்திற்காக யார் வீட்டு வாசலில் நிற்கிறார் என்பதை மேடையில் இருந்த எவரும் விசாரிப்பதில்லை.

இந்த வழக்கத்தை நாம் எதிர்க்கிறோம். பாராட்டு கூடாது என்பதன்று நம் வாதம். ஓடி முடித்தவனுக்கு மாலை போடும் சமுதாயம், ஓடத் தொடங்கும்போது அவன் காலில் செருப்பு இருந்ததா என்று பார்க்கவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

கலாமின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்வோம். குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யில் அவருக்கு இடம் கிடைத்தபோது, சேர்வதற்குத் தேவைப்பட்ட ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் அவருடைய தந்தையிடம் இல்லை. அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். அவற்றை மீட்க வேண்டுமானால் நன்கு படித்து உதவித்தொகை பெறுவதே வழி என்று கலாம் உறுதி பூண்டதைத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். நம் மேடைகள் ஏவுகணையைப் பேசுகின்றன, வளையலைப் பேசுவதில்லை. திறமைக்குக் கிடைக்கும் ஒவ்வோர் இடத்திற்கும் பின்னால், உரிய நேரத்தில் யாரோ ஒருவர் கழற்றிக் கொடுத்த வளையல் இருக்கிறது. இன்று அந்தச் சகோதரியின் இடத்தில் நிற்க வேண்டியது ஜமாஅத் அல்லவா?

நம் வாதத்திற்குப் பொதுவாக மூன்று மறுப்புகள் சொல்லப்படுகின்றன.

"எவ்வளவு படித்தாலும் நமக்கு இடம் தரமாட்டார்கள்" என்பது முதலாவது. நமக்கு எதிரான அநீதிகள் இல்லை என்று நாம் சொல்லவில்லை. சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022இல் நிறுத்தியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மைப் பிள்ளைகளின் உதவித்தொகையும் அதே ஆண்டில் நிறுத்தப்பட்டது. இவற்றை எதிர்த்துக் குரல் கொடுப்பது கடமை. ஆனால் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் சேர நேர்காணல் கிடையாது. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடப்படும் மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. ஐ.ஐ.டி.யின் பி.டெக். சேர்க்கையும் தேர்வுத் தரவரிசையின் அடிப்படையிலேயே நடக்கிறது. மனிதர் முகம் பார்க்காத வாசல் ஒன்று திறந்திருக்கும்போது, அதுவும் மூடியிருப்பதாகப் பிள்ளைகளிடம் சொல்வது அவர்களுக்கு நாமே இழைக்கும் அநீதியாகும்.

2007இல் தமிழக அரசு வழங்கிய 3.5 விழுக்காடு இட ஒதுக்கீட்டையும் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கின்றனர். அதுவே நமது உச்ச எல்லை என்பது போலப் பேசுகின்றனர். பொதுப்பிரிவின் 31 விழுக்காடு இடங்கள் அனைவருக்கும் உரியவை. உயர்ந்த மதிப்பெண் பெறும் முஸ்லிம் மாணவி அங்கேயே இடம் பெறுவாள். அவளுக்குப் பின்னால் வருபவருக்கு ஒதுக்கீட்டு இடம் மீதமிருக்கும். ஒதுக்கீடு நாம் நிற்கும் தரை, அது கூரையன்று.

"ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் உள்ளது, இத்தனை அலைச்சல் எதற்கு?" என்பது இரண்டாவது மறுப்பு. ரிஸ்க் அவன் கையில்தான் உள்ளது; அதில் ஐயமில்லை. எனினும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை மிம்பரில் கேட்டவர்கள்தாமே நாம்? வளைகுடாவுக்கு மகனை அனுப்ப விசாவுக்கும் ஏஜெண்டுக்கும் ஓடி அலைபவர், அதே மகனின் விண்ணப்பப் படிவத்திற்கு வரும்போது மட்டும் தவக்குலை நினைவுகூர்வது நேர்மையாகாது.

"இவ்வளவு பணத்திற்கு எங்கே போவது? கடன் வாங்கினால் வட்டி ஹராமாயிற்றே" என்பது மூன்றாவது மறுப்பு. இதுவே உண்மையான வலி. 2016 முதல் ஐ.ஐ.டி.யில் ஆண்டுக் கல்விக் கட்டணம் 2 இலட்சம் ரூபாய். வட்டிக்கு அஞ்சி வங்கிக் கடனை மறுக்கும் தந்தையின் ஈமானை நாம் மதிக்கிறோம். ஆனால் வட்டி ஹராம் என்று அவருக்கு எடுத்துச் சொன்ன சமுதாயம், ஹலாலான மாற்று வழியையும் காட்டக் கடமைப்பட்டுள்ளது. அழகிய கடனை ஊக்குவிக்கும் மார்க்கத்தில், பிள்ளையின் படிப்பிற்கு வட்டியில்லாக் கடன் தரும் நிதி எத்தனை மஹல்லாக்களில் இருக்கிறது? அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரைச் சொல்கிறது; அவர்களில் ஏழைகளும் வறியோரும் முதலில் வருகின்றனர். ஏழை மாணவர் அவ்விரு வகையில் அடங்குவாரா என்பதை ஊர் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவதில் என்ன தயக்கம்? ரமலானில் ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் எனச் சிதறும் பணத்தில் ஒரு பகுதி, ஓர் ஏழை மாணவியின் நான்காண்டுப் படிப்பாக மாறக்கூடும்.

சில வாசல்களில் பணமே தடையன்று, அறியாமைதான் தடை. ஐ.ஐ.டி.யில் குடும்ப ஆண்டு வருமானம் 1 இலட்சத்திற்குக் குறைவாக இருந்தால் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. 1 முதல் 5 இலட்சம் வரை இருந்தால் மூன்றில் இரு பங்கு தள்ளுபடி. தமிழகப் பொறியியல் கலந்தாய்வில், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. அச்சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்பவருக்கே கிடைக்கும். இதையறியாமல், கலந்தாய்வு தொடங்கும் முன்பே அவசரப்பட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிவிடும் குடும்பங்கள் பல. நல்ல மதிப்பெண்ணும் போய், சலுகையும் போய், நகையும் போய்விடுகிறது.

சான்றிதழிலும் இதே நிலைதான். மாநில அரசின் பி.சி.எம். சாதிச் சான்றிதழ் கையில் இருந்தால் எல்லா இடத்திற்கும் போதும் என்று எண்ணுகின்றனர். ஒன்றிய அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் சான்றிதழ் தனியாக வேண்டும். அது சேர்க்கை நடைபெறும் ஆண்டின் ஏப்ரல் 1ஆம் தேதியன்றோ அதற்குப் பின்னரோ பெறப்பட்டதாக இருத்தல் வேண்டும். லப்பை, ராவுத்தர், மரைக்காயர் பிரிவினர் ஒன்றியப் பட்டியலில் இருந்தும், இந்த ஒரு தாள் இல்லாமல் 27 விழுக்காடு ஒதுக்கீட்டை இழப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

எனவே விழா எடுக்கும் பெரியோர்களிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, கவனம் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை மட்டுமே எழுத முடியும். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் விழித்துக்கொள்வதில் பயனில்லை. மஹல்லாவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளின் பட்டியல் ஒன்றும், மஃரிபுக்குப் பின் கணிதம் கற்பிக்கச் சம்பளம் பெறும் நல்லாசிரியர் ஒருவரும் இருந்தாலே போதுமானது.

இரண்டாவது, ஏப்ரல் மாதத்தில் ஒரு ஜும்ஆவிற்குப் பின் சான்றிதழ் முகாம் நடத்த வேண்டும்.

மூன்றாவது, விழாச் செலவையும் பைத்துல்மாலின் ஒரு பங்கையும் சேர்த்து வட்டியில்லாக் கல்வி நிதி உருவாக்க வேண்டும். அதன் உதவி கல்லூரிக்கு நேரடியாகச் செல்லட்டும். வாங்கும் பிள்ளையை மேடையேற்றிப் புகைப்படம் எடுக்க வேண்டாம். சொல்லிக்காட்டும் தர்மம் பாழாகும் என்பது நாம் அறிந்ததே.

நான்காவது, பெண் பிள்ளைகள். மதிப்பெண்ணில் முந்தியவள், விடுதி பற்றிய அச்சத்தால் வீட்டில் நிறுத்தப்படுகிறாள். நகரங்களில் வசதி படைத்த ஜமாஅத்கள் பாதுகாப்பான மாணவியர் விடுதிகளை அமைத்தால், பெற்றோரின் அச்சத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

இது நம் முன்னோர் செய்யாத புதுமையன்று. வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரியும், திருச்சியில் 1951இல் ஜமால் முகமது கல்லூரியும் எழுந்தன. பொருள் படைத்தவர்கள் தம் செல்வத்தை அமானத்தாகக் கருதியதால் அவை எழுந்தன. கட்டிடம் எழுப்பிய தலைமுறையின் பேரப்பிள்ளைகளிடம், ஒரு மாணவியின் கட்டணத்தைத்தான் நாம் கேட்கிறோம்.

அடுத்த ஆண்டும் விழா நடக்கட்டும். ஆனால் அந்த மேடையில் ஜமாஅத் தலைவர், "இவ்வாண்டு கட்டணம் இல்லாத காரணத்தால் படிப்பை விட்ட பிள்ளை நம் மஹல்லாவில் ஒருவர்கூட இல்லை" என்று அறிவிக்கட்டும். அன்று நாமும் வந்து அமர்ந்து மனமாரத் துஆ செய்வோம், இன்ஷா அல்லாஹ்.