வெளிநாட்டில் ஓட்டிய காரை இந்தியா கொண்டுவருவது லாபமா? வரிக் கணக்கு சொல்வது என்ன?

மும்பை: தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வெளிநாட்டு வேலை புதிதல்ல. ஒப்பந்தம் முடிந்து திரும்பும்போது, அங்கே வாங்கிய காரையும் கப்பலில் ஏற்றிவிடலாம் என்ற எண்ணம் சிலருக்கு எழுகிறது. பயன்படுத்திய கார்களை இறக்குமதி செய்ய மும்பை துறைமுகத்தில் மட்டுமே அனுமதி என்பதால், மும்பைவாசிகளுக்கு இது எளிதாகவும் தோன்றலாம். ஆனால், விதிகளையும் வரியையும் கணக்கிட்டால் பெரும்பாலானோருக்கு இது சேமிப்பைக் கரைக்கும் முடிவாகவே அமையும்.

முதல் தடை ஸ்டீயரிங். இறக்குமதியாகும் பழைய காரின் ஸ்டீயரிங் வலப்புறம் இருக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா, கத்தார், குவைத் உள்ளிட்ட வளைகுடா நாடுகளில் ஓடுபவை இடப்புற ஸ்டீயரிங் கார்கள். எனவே, அங்கிருந்து திரும்புவோருக்கு இந்த வழி தொடக்கத்திலேயே அடைபடுகிறது. சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் போன்ற நாடுகளில் இருந்து வருவோருக்கே வாய்ப்பு உண்டு. அவர்களின் காரும் தயாரிக்கப்பட்டு 3 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது.

அடுத்த தடை வரி. குடிபெயர்ந்து வருவோரின் வீட்டு உபயோகப் பொருள்களுக்குக் கிடைக்கும் சுங்கச் சலுகை காருக்குப் பொருந்தாது. பயன்படுத்திய கார்களுக்கான அடிப்படைச் சுங்க வரி 2025 மத்திய பட்ஜெட்டில் 125 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால், 67.5 சதவீத வேளாண் உள்கட்டமைப்பு மேம்பாட்டு வரி சேர்க்கப்பட்டதால், மொத்தச் சுமை முன்பு இருந்த 137.5 சதவீதத்திலேயே நிற்கிறது.

காரின் மதிப்பும் உரிமையாளர் கொடுத்த விலையில் கணக்கிடப்படுவதில்லை. புதிய காரின் விலையிலிருந்து முதலாண்டில் காலாண்டுக்கு 4 சதவீதம், இரண்டாமாண்டில் 3 சதவீதம், மூன்றாமாண்டில் 2.5 சதவீதம் தேய்மானமாகக் கழிக்கப்படும். அதாவது, 3 ஆண்டு ஓடிய காருக்கும் கழிவு 38 சதவீதமே.

இவ்வாறு கணக்கிட்டு, கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்து ஒரு காரின் மதிப்பு ரூ.10 லட்சம் என வைத்துக்கொள்வோம். சுங்க வரி ரூ.13.75 லட்சம். இரண்டும் சேர்ந்த தொகை மீது, பெரிய கார்களுக்கான 40 சதவீத ஜிஎஸ்டி ரூ.9.5 லட்சம். ஆக, ரூ.10 லட்சம் காருக்கு வரி மட்டும் ரூ.23.25 லட்சம். பதிவுக் கட்டணமும் சாலை வரியும் தனி.

விதிகளுக்கு உட்படாத கார் வந்திறங்கினால் 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டப்படி பறிமுதல் நடவடிக்கை பாயும். அபராதம் ஒருபுறம் என்றால், துறைமுகக் கிடங்கு வாடகை மறுபுறம் ஏறும். குறுக்கு வழியும் பாதுகாப்பானதல்ல. பூட்டானிலிருந்து முறைகேடாகக் கொண்டுவரப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட கார்களைத் தேடி, 2025 செப்டம்பரில் கேரளத்தில் ‘ஆபரேஷன் நும்கோர்’ என்ற பெயரில் சுங்கத் துறை நடத்திய சோதனையில் 30-க்கும் மேற்பட்ட கார்கள் பறிமுதல் செய்யப்பட்டன. விலை மலிவு என்று நம்பி அத்தகைய காரை வாங்குவோரும் விசாரணைக்கு உள்ளாக நேரிடும்.

பழைய வாகனங்கள் நாட்டில் குவிவதைத் தடுப்பதும், உள்நாட்டு உற்பத்தியைக் காப்பதும் இக்கட்டுப்பாடுகளின் பயன். எனினும், விற்பனைக்காக இறக்குமதி செய்பவருக்கும், சொந்தக் காருடன் தாயகம் திரும்பும் தொழிலாளிக்கும் ஒரே வரிதான் என்பது விவாதத்துக்குரியது. அந்நிலை மாறும்வரை, காரை வெளிநாட்டிலேயே விற்றுவிட்டு, அந்தப் பணத்துடன் திரும்புவதே பெரும்பாலான குடும்பங்களுக்கு இழப்பில்லாத வழி.