மாண்டவர் வழக்கு! மாணவர் வாழ்வு!

தோழனே!

வேடந்தாங்கல் ஏரிக்கரையிலே நின்றிருக்கிறாயா? கார்த்திகை மழை ஓய்ந்தபின், நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களின் கிளைதோறும் நாரையும் நீர்க்காகமும் அரிவாள்மூக்கனும் குடும்பம் நடத்தும் காட்சி கண்டிருக்கிறாயா? கண்டவர் கவிபாடுவர். நானோ மேடைப்பேச்சுக்காரன், பறவையைப் பார்த்தபோது எனக்கு ஒரு காகிதம் நினைவுக்கு வந்தது.

பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரம். அதை உழவன் அறிவான். வெள்ளைச் சிப்பாய் அறியான். அவன் பொழுதுபோக்குக்குச் சுட்டான். ஊரார் திரண்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டனர். 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளித்துக் கவுல் எழுதித் தரப்பட்டது. 1858இல் அதைப் புதுப்பித்தும் வாங்கினர். படித்தவரா அவர்கள்? ஏர் பிடித்தவர்! ஆயினும், வாய்ச்சொல் போதாது, எழுத்தாக வேண்டும் என்று கேட்கத் தெரிந்திருந்தது அவர்களுக்கு.

அந்தக் கவுலுக்கு நான்காண்டு முன்னர், 1794இல், மற்றொரு காகிதம் எழுதப்பட்டது. எழுதியவர் பச்சையப்ப முதலியார். பிறக்குமுன்பே தந்தையை இழந்தவர். துபாஷியாக உயர்ந்து பெரும்பொருள் ஈட்டியவர். நாற்பது வயதில் திருவையாற்றில் மாண்டவர். சாகுமுன் உயில் எழுதினார், சொத்தை அறத்துக்கென்று. பொருள் பொறுப்பாளர் கையிலே சிக்கியது, வழக்கு மூண்டது, வாய்தா மேல் வாய்தா வளர்ந்தது. உயில் இருந்தது, அறம் இல்லை! பேசும் வாய் ஒன்று கிடைக்காத காகிதம், பெட்டியிலே உறங்கத்தானே செய்யும்?

வாய் கொடுத்தவர் இருவர். இருவரும் சென்னையில் அட்வகேட் ஜெனரல் பதவி வகித்தவர்கள். ஹெர்பர்ட் காம்ப்டன் வழக்கைக் கையில் எடுத்தார். ஜார்ஜ் நார்ட்டன் அதைக் கரைசேர்த்தார். (பிற்காலத்தில் அரசியல் வழக்குகளில் புகழ்பெற்ற எர்ட்லி நார்ட்டன் வேறு, குழப்பிக் கொள்ளாதே.)

யார் இந்த ஜார்ஜ் நார்ட்டன்? இலண்டன் மாநகரின் வழக்குரைஞராகப் பணியாற்றியவர். அந்நகர மக்களின் உரிமைச் சாசனங்களைத் துருவி ஆராய்ந்து தடித்த நூலொன்று எழுதியவர். பழஞ்சாசனத்தை வாசித்து, அதற்குள் கிடக்கும் உரிமையை வெளியே இழுத்துவரும் பயிற்சி அங்கேயே கைவந்துவிட்டது. சென்னைக்கு வந்தவர் கம்பெனிக்கு வாதாடுவதோடு நிற்கவில்லை. 1839இல் எழுபதாயிரம் பேர் ஒப்பமிட்டு, உயர்கல்வி வேண்டும் என்று கவர்னர் எல்பின்ஸ்டனிடம் தந்த விண்ணப்பத்துக்கு முன்னின்றார். கல்விக்கென அமைந்த பல்கலைக்கழக வாரியத்துக்குத் தலைவரானார். ஆட்சிமுறை என்றால் என்ன என்று இந்நாட்டவருக்கு விளக்கும் சொற்பொழிவுகளை நூலாக்கினார்.

பச்சையப்பர் உயில் கோயிலுக்கும் வழிபாட்டுக்கும் எழுதப்பட்டது. வழக்கு நடந்த காலமெல்லாம் வட்டியோடு வளர்ந்த தொகையோ, கோயில் கட்டளைகள் அத்தனைக்கும் கொடுத்த பிறகும் மிஞ்சி நின்றது. மிச்சம் எவருக்கு? கல்விக்கு என்றது நார்ட்டன் தரப்பு, நீதிமன்றம் இசைந்தது. 1842, ஜனவரி முதல் நாள், சென்னையிலே பச்சையப்பன் பள்ளி திறந்தது. ஏதென்ஸ் நகரத்துக் கோயிலைப் போல் எழுந்த பச்சையப்பன் மண்டபத்துக்கு 1846இல் அடிக்கல் நாட்டியவரும் நார்ட்டனே. காஞ்சியிலும் பள்ளி எழுந்தது. அந்தக் காஞ்சிப் பள்ளியிலே படித்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலே 1934இல் பி.ஏ. ஆனர்ஸ் முடித்து வெளிவந்தவர் யார்? அறிஞர் அண்ணா!

உணர்ச்சிவயப்பட்டு நார்ட்டனுக்கு மாலை போடப் புறப்பட்டுவிடாதே. அவர் கம்பெனி அரசின் ஊழியர். அந்தப் பள்ளியின் வாசலும் ஆதித்திராவிடப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் அடைத்தே கிடந்தது. இதை மறைத்து எழுதினால் கைதட்டல் கிடைக்கும், மனம் ஒப்பாது.

நான் சுட்டுவது அந்தத் தொழிலை. நம் நாடகங்களில் வழக்கறிஞர் வந்தால், எதிரே கூண்டு இருக்கும், கூண்டிலே கொலைக் குற்றவாளி இருப்பான், கடைசிக் காட்சியில் கண்ணீர் இருக்கும். நானும் அப்படித்தான் எழுதினேன்! சிவில் கோர்ட்டை எவன் மேடையேற்றுவான்? அங்கே அடங்கல், பட்டா, வில்லங்கம், எல்லைக்கல், கொட்டாவி வரும். அந்தக் கொட்டாவிக்கு நடுவேதான் ஒரு ஊரின் நிலம் கைமாறிவிடுகிறது.

சான்று வேண்டுமா? வேடந்தாங்கலை விட்டு வெகுதூரம் போக வேண்டாம். 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்கீர், இம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்டோர் படும் பாட்டை அறிக்கையாக எழுதினார். அதன் விளைவாக 1892இல் அரசாணை வந்தது. அவர்களுக்கு நிலம், பத்தாண்டுக்கு விற்க முடியாது, அதன்பின் விற்றாலும் அவர்களுக்குள்ளேதான். பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். காகிதம் தெளிவானது, கவுலைப் போலவே தெளிவானது. நிலம் எங்கே? நூறாண்டு கழித்து, காரணையிலே அந்த நிலத்தைக் கேட்டு மக்கள் எழுந்தார்கள். 1994 அக்டோபர் 10ஆம் நாள், காவல்துறைத் துப்பாக்கிக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் பலியானார்கள்.

அந்த நூறாண்டிலே அந்நியன் மட்டுமா ஆண்டான்? நாமும் கோட்டையிலே அமர்ந்தோம், தோழனே. சிலை வைத்தோம், சாலைக்குப் பெயர் வைத்தோம். 1892ஆம் ஆண்டு ஆணையைக் கையிலே பிடித்துக்கொண்டு முன்சீப் கோர்ட்டுப் படியேறும் வழக்கறிஞரை ஊருக்கு ஒருவராவது உருவாக்கினோமா? மறியலில் கைதானவரை ஜாமீனில் எடுக்க நம்மிடம் ஆள் உண்டு. மாநாட்டு அனுமதி வாங்க ஆள் உண்டு. தாத்தா பெயரில் இருந்த பஞ்சமிப் பட்டா எவன் பெயருக்கு மாறியது என்று சார்பதிவாளர் அலுவலகத்திலே நான்கு நாள் குந்தித் தேட ஆள் உண்டா?

2020இல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் எல்லையை மூன்றாகச் சுருக்கும் முன்மொழிவு வந்தபோது, எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன. பறவைக்கு வக்காலத்துப் போட முன்வந்தார்கள், நன்று, மகிழ்ச்சி. அதே தாலுகாவில், அதே ஏரிக்குக் கீழே, சேரியிலே இருக்கிறவனுக்கும் ஒரு காகிதம் உண்டு.

மதுராந்தகம், செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் வட்டாரங்களில் சட்டம் படித்து, கழக உறுப்பினராக இருந்து, மாதத்தில் இரண்டு நாள் கட்டணமின்றிப் பஞ்சமி நில ஆவணம் பார்க்க ஒப்பும் இளைஞர்கள் எத்தனை பேர்? பெயர்களை மாவட்டக் கழகத்துக்கு எழுதுங்கள். மேடைக்கு ஆள் நிரம்ப இருக்கிறோம், நானும் இருக்கிறேன். இது கோர்ட்டுக்கு.