எவரும் பொருட்படுத்தாத குறிப்பு

விமான விபத்துச் செய்திகளுக்கு 'இயந்திரக் கோளாறு' என எத்தனையோ முறை தலைப்பிட்டிருக்கிறேன். மனிதத் தவறை அந்தச் சொல் மூடிமறைத்துவிடுவதை இப்போது உணர்கிறேன்.

2007 ஜூலை 10ஆம் திகதி அமெரிக்காவின் புளோரிடாவில், சான்ஃபோர்ட் நகரில், செஸ்னா 310 ரகச் சிறு விமானமொன்று குடிமனைகள் மீது வீழ்ந்தது. விமானத்தில் இருவரும் வீடுகளில் மூவரும் மாண்டனர். முதல்நாள் அதனைச் செலுத்திய விமானிக்கு எரியும் நாற்றம் வீசியது. வானிலை ராடாரின் சர்க்கியூட் பிரேக்கரை இழுத்துவிட்டதும் நாற்றம் நின்றது. அதை எழுதியும் வைத்தார். எவரும் திருத்தவில்லை. மறுநாள் விமானம் பறக்கவிடப்பட்டது. அந்த பிரேக்கர் மீண்டும் அழுத்தப்பட்டிருக்கலாம் என்றே விசாரணையாளர்கள் கருதினர்.

பிரேக்கர் முதன்மையாகக் காப்பது கருவியையன்று, வயரையே. வயரின் தடிப்புக்கேற்ற பிரேக்கரைப் பொருத்துவதும், உலோக விளிம்பில் உராயாதபடி வயரைக் கட்டுவதும் தொழில்நுட்பவியலாளரின் கடமை. தானாகத் துண்டித்த பிரேக்கரோ, விமானி இழுத்துவிட்ட பிரேக்கரோ ஓர் எச்சரிக்கை. காரணம் அறியாமல் அதை மீண்டும் அழுத்துவது துணிச்சலன்று.

எழுதிவைத்த குறிப்பை வாசிக்க ஐந்து நிமிடம் போதும். அறிந்த கோளாற்றைத் திருத்தாமல் விமானத்தைப் பறக்கவிட்ட நிர்வாகமே முதற் குற்றவாளி என்பேன். வானத்துக்குத் தீயணைப்பு வண்டி வராது.