கூலியை நிர்ணயிப்பவர் யார்?

80 கோடியே 62 லட்சம் ரூபாய். 2024-25 நிதியாண்டில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக் பெற்ற ஊதியம் இது. எவரும் துப்பறிந்து வெளிக்கொணர்ந்த தொகையன்று. நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலேயே அச்சாகியிருக்கிறது. அதே அறிக்கையில் இன்னோர் எண்ணும் உண்டு. ஊழியர்கள் அனைவரையும் ஊதிய வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவர் பெறுவதைப்போல் 752 மடங்கு அது. இவர் ஒருவர் மட்டுமல்லர். அதே ஆண்டில் எச்.சி.எல். நிறுவனத் தலைமை அதிகாரியின் ஊதியம் இதனினும் அதிகம்.

நம் பிள்ளைகள் பொறியியல் முடித்து இத்தகைய நிறுவனங்களில் சேரும்போது கிடைக்கும் தொடக்க ஊதியம், ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நெடுங்காலமாக நிற்கிறது. சென்னையின் வீட்டு வாடகை அப்படி நிற்கவில்லை. ஆண்டுக்கு 3.6 லட்சம் பெறும் ஓர் இளைஞர் மேற்சொன்ன தொகையை ஈட்ட 2,200 ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டும். ஈஸா (அலை) அவர்களின் பிறப்புக்கு முன்பே பணியில் சேர்ந்திருந்தால் இப்போது ஒருவாறு முடித்திருப்பார். தலைமை அதிகாரிக்கோ அந்த 3.6 லட்சம், இஷாவுக்கும் நள்ளிரவுக்கும் இடைப்பட்ட பொழுதில் சேர்ந்துவிடுகிறது. அவர் உறங்கினாலும் சேரும்.

இதில் பாதிக்கு மேல் பங்குகளாக வந்ததுதானே என்பார்கள். பங்குகளும் சொத்துதான். அவற்றின் மதிப்பை உயர்த்தியதில் இரவுப் பணி பார்த்துக் கண் சிவந்தவனுக்கும் இடமுண்டு. அவனுக்குரிய பாகம் எங்கே என்பதுதான் கேள்வி.

திறமைக்கு ஏற்ற ஊதியம் என்ற விடை உடனே வரும். திறமையில் ஏற்றத்தாழ்வு உண்டு. அதை இறைவனே வைத்திருக்கிறான். ஒருவர் மற்றவரைவிட ஐந்து மடங்கு, பத்து மடங்கு பொறுப்புச் சுமக்கலாம். 752 மடங்கு சுமக்கும் தோள் எது? இந்த ஐயம் பொதுவுடைமைவாதிகளுக்கு மட்டும் எழுந்ததன்று. 2017-இல் அதே நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி, பெரும்பாலான ஊழியர்களுக்கு ஆறு முதல் எட்டு விழுக்காடு மட்டுமே ஊதியம் உயர்ந்திருக்க, உயர் பொறுப்பில் உள்ள ஒருவருக்கு 60, 70 விழுக்காடு உயர்த்துவது முறையன்று என்று வெளிப்படையாகவே எழுதினார். (அவரே 2023-இல் இளைஞர்களை வாரத்திற்கு 70 மணிநேரம் உழைக்கச் சொன்னார் என்பது வேறு கதை.)

உண்மையில், இந்த எண்ணைத் தீர்மானிப்பது திறமையன்று, அதிகாரம். இயக்குநர்களைக் கொண்ட ஊதியக் குழு ஒன்று தலைமை அதிகாரியின் ஊதியத்தைப் பரிந்துரைக்கிறது. அக்குழுவினர் பெரும்பாலும் தாமும் எங்கோ உயர் பதவி வகித்தவர்கள். தொழிலாளிக்கு அங்கே நாற்காலி இல்லை. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் ஒரு வரம்பு விதிக்கிறது என்பது உண்மையே. ஆனால் அது நிகர லாபத்தின் விழுக்காடாக விதிக்கப்படும் வரம்பு. ஒரு நிர்வாக இயக்குநருக்கு ஐந்து விழுக்காடு. ஆண்டுக்கு 26,000 கோடிக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனத்தில் அது ஆயிரம் கோடியையும் தாண்டும். கடைநிலை ஊழியரின் கூலியோடு தலைமையின் ஊதியத்தைக் கட்டிப்போடும் விதி அச்சட்டத்தில் இல்லை. மடங்கை வெளியிட்டால் போதும். எத்தனை மடங்காகவும் இருக்கலாம்.

மாற்று வழி இல்லையா? 1976-இல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் இயற்றியது. 2,000 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களில் மேற்பார்வைக் குழுவின் பாதி இடங்கள் ஊழியர் தரப்புக்கு. நிர்வாகிகளின் ஊதியத்தை முடிவு செய்வதும் அக்குழுவே. வாக்குகள் சமமாகப் பிரிந்தால் பங்குதாரர் தரப்புத் தலைவருக்குக் கூடுதல் வாக்கு உண்டு. எனவே முழுச் சமத்துவம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் தொழிலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தொகையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வியப்பு என்னவெனில், அதே 1976-இல் நம் அரசியலமைப்பிலும் 43-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. தொழில் நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்க அரசு வழி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். வழிகாட்டு நெறி என்பதால் நீதிமன்றத்தில் வற்புறுத்த முடியாது. அரை நூற்றாண்டாக அது அச்செழுத்தாகவே இருக்கிறது.

சமதர்மம் என்றவுடன் இறைமறுப்பு என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் நம் சென்னையின் சிங்காரவேலர். வரவேற்புக் குழுத் தலைவர் யார் தெரியுமா? மௌலானா ஹஸ்ரத் மோஹானி. பலமுறை ஹஜ் செய்தவர். உழைப்பவனுக்கு உரியதைக் கேட்பது தம் ஈமானுக்கு முரணானது என்று அவர் கருதவில்லை.

நம் வரலாறும் இதற்கு அந்நியமானதன்று. அபூபக்ர் (ரலி) கலீஃபாவாகப் பொறுப்பேற்ற மறுநாள் வழக்கம்போல் துணிகளைத் தோளில் சுமந்து சந்தைக்குப் புறப்பட்டார்கள் என்றும், உமர் (ரலி), அபூ உபைதா (ரலி) ஆகியோர் வழிமறித்தார்கள் என்றும் அறிவிப்புகள் கூறுகின்றன. அதன் பின்னரே பைத்துல்மாலிலிருந்து படி நிர்ணயிக்கப்பட்டது. அளவுகோலாகக் கொள்ளப்பட்டது ஒரு சாதாரண முஹாஜிரின் வாழ்க்கைச் செலவு. ஆட்சித் தலைவரின் ஊதியம் அரசின் வருவாயைப் பார்த்து முடிவாகவில்லை. மக்களின் வாழ்வைப் பார்த்து முடிவாயிற்று.

கூலியைத் தாமதிக்கலாகாது என்னும் நபிமொழியை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். தாமதத்தைப் பற்றிப் பேசும் நாம் அளவைப் பற்றிப் பேசுவதில்லை. மத்யன் மக்களுக்கு ஷுஐப் (அலை) விடுத்த எச்சரிக்கை, மனிதர்களுக்குரியதைக் குறைத்துக் கொடுப்பதைப் பற்றியது. உழைப்பே விலைக்கு வாங்கப்படும் காலத்தில் அந்த எச்சரிக்கை தானியத் தராசோடு நின்றுவிடுமா?

இங்கே நம் சமூகத்தின் ஒரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தொழிலதிபர் ஒருவர் ரமளானில் ஜகாத்தை வாரி வழங்கினால் அவரைக் கொண்டாடுகிறோம். அவருடைய தோல் பதனிடும் ஆலையிலோ கடையிலோ வேலை செய்பவர் அந்த ஜகாத் வரிசையிலேயே நிற்கும் நிலையில் இருந்தால், அது ஏன் என்று கேட்பதில்லை. ஜகாத் இரண்டரை விழுக்காடு; அது செல்வத்தின் மீதான கடமை. கூலி அதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டிய உரிமை. கூலியில் பிடித்துக்கொண்டதை ஸதகாவாகத் திருப்பிக் கொடுத்தால், வாங்குபவர் நன்றி வேறு சொல்ல வேண்டியிருக்கிறது.

பெருநிறுவனங்களின் ஊதியக் குழுவில் நமக்கு இடமில்லை. மஹல்லா ஜமாஅத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இடமுண்டு. அங்கும் மினாராவுக்கு வண்ணம் பூசும் செலவு பத்து நிமிடத்தில் ஒப்புதல் பெறுகிறது. இமாமின் சம்பள உயர்வு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. முஅத்தினின் சம்பளம் நிகழ்ச்சி நிரலிலேயே இருப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் அவ்விருவரையும் அமரவைத்து, உங்கள் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று கேட்ட ஊர்கள் எத்தனை?